ஜுங்குட் பத்து: தங்கறதுக்கு தாராளமா போங்க, நிலத்துல காசு போடுறதுன்னா கொஞ்சம் நில்லுங்க

பாலிக்கு போற நம்ம ஆளுங்க நிறைய பேரு நுசா பெனிடா தீவுக்கு ஒரு நாள் டூர் போட்டு, கெலிங்கிங் பாறை மேல நின்னு போட்டோ எடுத்துட்டு சாயங்காலமே ஹோட்டலுக்கு திரும்பிடுறாங்க. அதுக்கு பக்கத்துலயே சுமார் 8 சதுர கிலோமீட்டர்ல நுசா லெம்போங்கான்னு ஒரு குட்டித் தீவு இருக்கு, அதோட வடமேற்கு கரையில இருக்குற கிராமம்தான் ஜுங்குட் பத்து. தீவுல மொத்தமே ரெண்டு கிராமம், இது ஒண்ணு, தெற்கால லெம்போங்கான்ங்கிற பேர்லயே இன்னொண்ணு. நான் போனது ரெண்டு வேலையா. சும்மா சுத்திப் பாக்கலாம்னு ஒரு பக்கம், "தீவுல வில்லா போடுங்க, வாடகை கொட்டும்"னு வர்ற விளம்பரத்துல எவ்வளவு உண்மைன்னு நேர்ல பாத்துடலாம்னு இன்னொரு பக்கம். அதனால மார்க்கும் ரெண்டு போட வேண்டியிருக்கு. தங்கறதுக்கு அஞ்சுக்கு நாலு. காசு போடுறதுக்கு ரெண்டு, அதுவும் மனசு வந்து குடுக்குறது.

முதல்ல போற வழி. பாலி கரையில இருக்குற சானூர்ல இருந்து ஃபாஸ்ட் போட், அரை மணி நேரம் சொச்சம். சானூர்ல 2022 நவம்பர்ல புது துறைமுகம் திறந்ததுல இருந்து அந்தப் பக்கம் ஏறுறது ரொம்ப ஈஸி ஆயிடுச்சு, முன்னாடியெல்லாம் பேன்ட்டை மடிச்சு விட்டுட்டு தண்ணில நடந்து போய்தான் ஏறணும். ஆனா ஜுங்குட் பத்து பக்கம் இறங்கும்போது இன்னும் நிறைய போட்டு கரையை ஒட்டி முழங்கால் தண்ணிலதான் நிக்குது, பசங்க நம்ம பெட்டியை தோள்ல தூக்கிட்டு விறுவிறுன்னு கரைக்கு போயிடுறாங்க, நாம செருப்பை கையில புடிச்சுட்டு அலை வர்றதையும் போறதையும் பாத்து குதிக்கணும். வயசானவங்களை கூட்டிட்டு போறவங்க எந்த போட்டு மேடையில நிறுத்தும்னு டிக்கெட் எடுக்கும்போதே கேட்டுடுங்க. சக்கரம் வச்ச பெரிய சூட்கேஸ் வேண்டவே வேண்டாம், மணல்ல இழுக்கவும் முடியாது, தூக்கவும் முடியாது. ஜூலை ஆகஸ்ட்ல தென்கிழக்கு காத்து அடிக்கும், அப்போ நடுக்கடல்ல போட்டு நல்லா தூக்கிப் போடும், முன் சீட்டுல உக்காந்தா இடுப்பு போயிடும், பின்னாடி போய் உக்காருங்க.

செலவு வகையறால மூணு விஷயம். விசா ஆன் அரைவல் 5 லட்சம் ரூப்பியா, 30 நாள், ஒரு தடவை நீட்டிக்கலாம். பாலி மாகாணத்துக்கு வெளிநாட்டுக்காரங்க கட்ட வேண்டிய 1,50,000 ரூப்பியா, இது 2024 பிப்ரவரி 14ல இருந்து நடைமுறையில இருக்கு, லெம்போங்கானும் பாலி மாகாணம்தான், நிர்வாகத்துல க்லுங்குங் மாவட்டத்துக்கு கீழ வருது. அந்த மாவட்டம் தனியா ஒரு ஆளுக்கு 25,000 ரூப்பியா வாங்குது. பாலி மாகாணத்துக்கானதை ஆன்லைன்ல கட்டி கியூஆர் கோடை ஃபோன்ல வச்சுக்கிட்டா தொல்லை இல்ல.

சரி, ஊருக்கு வருவோம். கரையை ஒட்டி ஒரே ஒரு பெரிய ரோடு, பெரிய ரோடுன்னா ரெண்டு ஸ்கூட்டர் எதிரெதிரா வந்தா ஒண்ணு ஒதுங்கணும், அந்த சைஸ். கார் பாக்கறதே அபூர்வம், பெட்டியெல்லாம் பின்னாடி பெஞ்சு போட்ட குட்டி டிரக்ல போகுது, மத்தபடி எல்லாரும் ஸ்கூட்டர்தான். ரோட்டுக்கு இந்தப் பக்கம் காபி கடை, டைவிங் கடை, தங்கும் விடுதி, அந்தப் பக்கம் சுவர் வச்ச வீட்டு வளாகங்கள், ஒவ்வொண்ணுக்குள்ளயும் குடும்பக் கோயில். பாலி இந்துக்கள் ஊர் இது, காலைல ஆறு ஆறரைக்கு பெண்கள் தென்னங்குருத்துல செஞ்ச குட்டி தட்டுல பூ, அரிசி, சில சமயம் ஒரு பிஸ்கெட் கூட வச்சு வாசல்ல, படியில, ஸ்கூட்டர் சீட்டு மேல எல்லாம் வச்சுட்டு ஊதுபத்தி ஏத்திட்டு போறாங்க. சானாங் சாரின்னு பேரு. மிதிச்சுடாம பாத்து நடங்க, அவ்வளவுதான், அவங்க நம்மகிட்ட வேற எதுவும் எதிர்பாக்கறதில்ல.

பத்து மணிக்கு மேல பாலியில இருந்து டே டிரிப் கூட்டம் வந்து இறங்கும், மூணு மணி வரைக்கும் ஊரு ஒரு மாதிரி சந்தைக்கடையா இருக்கும், வாழைப்பழ படகு, ஜெட் ஸ்கி, மிதக்குற மேடையில சறுக்கு, எல்லாம். அதுக்கப்புறம் போட்டெல்லாம் கிளம்பிடும், அப்பதான் நிஜமான ஜுங்குட் பத்து வெளிய வருது. கடற்கரையில பசங்க பட்டம் விடுறாங்க, படகுக்கு அடிப்பக்கம் சுரண்டி பெயின்ட் அடிக்கிறாங்க, எதிர்க்க பாலி கரை, மேகம் இல்லன்னா குனுங் ஆகுங் எரிமலை முழுசா 3,000 மீட்டருக்கு மேல நிமிர்ந்து நிக்குது. அதனாலதான் சொல்றேன், இங்க ஒரு நாள் டூர் போறது சுத்த வேஸ்ட், ராத்திரி தங்காம இந்த ஊரைப் பத்தி எந்த முடிவுக்கும் வர முடியாது.

கடல்பாசி. இதைப் பத்தி கொஞ்சம் நீட்டி சொல்லிக்கிறேன், ஏன்னா எனக்கு இந்த ஊர்ல ரொம்ப புடிச்ச விஷயம் அதுதான். 1980கள்ல இருந்து இந்தத் தீவோட பொழப்பே கடல்பாசி விவசாயம்தான். தண்ணி இறங்குனதும் ஆழமில்லாத திட்டுல வரிசை வரிசையா கயிறு தெரியும், ரெண்டு பக்கமும் குச்சி அடிச்சு, கயிறு முழுக்க பாசித் துண்டை முடிச்சு போட்டு கட்டி வச்சிருப்பாங்க. ஒண்ணரை மாசத்துல அறுவடை, அறுத்ததை கூடையில போட்டு தட்டையான படகுல ஏத்தி கரைக்கு கொண்டு வந்து தார்பாய் விரிச்சு காய வைக்கிறாங்க. இதுல இருந்துதான் காராஜீனன் எடுக்கறாங்க, நம்ம பல் விளக்குற பேஸ்ட்லயும் ஐஸ்கிரீம்லயும் கெட்டியா நிக்க வைக்கிற சமாச்சாரம். நடுவுல டூரிஸ்ட் காசு அதிகமா வர ஆரம்பிச்சதும் நிறைய பேர் கயித்தை அவுத்துட்டு ஹோட்டல் வேலைக்கு, படகு ஓட்ட போயிட்டாங்க, பாசிப் பாத்தி காணாமலே போச்சுன்னு சொல்லலாம். 2020ல கொரோனா வந்து விமானம் நின்னதும் அதே ஆளுங்க திரும்ப கடலுக்குள்ள இறங்கி கயிறு கட்டுனாங்க. நான் பாத்த ஒரு வயசான தம்பதி, அவரு இடுப்பளவு தண்ணில நின்னு கயித்தை தூக்கித் தர்றாரு, அந்தம்மா படகு ஓரத்துல உக்காந்து கத்தியே இல்லாம விரலாலயே முடிச்சை உருவி உருவி கூடையில போடுறாங்க, ரெண்டு பேரும் பேசிக்கவே இல்ல, ஆனா ஒரு கயிறு முடியறப்போ அடுத்த கயிறு கையில இருக்கு. வில்லா வாங்க வர்றவங்க முதல்ல இதைப் பாக்கணும். டூரிசம் படுத்தா இந்த ஊருக்கு திரும்பிப் போக ஒரு தொழில் இருக்கு, வாடகைக்கு கட்டுன வில்லாவுக்கு அந்த வசதி கிடையாது.

கடல் பத்தி சொல்லணும்னா, இந்த மூணு தீவையும் (பெனிடா, லெம்போங்கான், செனிங்கான்) சுத்தி இருக்குற 20,000 ஹெக்டேர் கடல் பாதுகாக்கப்பட்ட பகுதி. மான்டா திருக்கை கிட்டத்தட்ட வருஷம் பூரா வருது, மோலா மோலாங்கிற பெரிய சூரிய மீன் ஜூலைல இருந்து அக்டோபர் வரைக்கும், ஆழத்துல இருந்து குளிர்ந்த தண்ணி மேல ஏறி வர்ற சீசன்ல. குளிர்ந்ததுன்னா வெப்பமண்டலக் கடல்னு நம்பி மெலிசான வெட்சூட் போட்டு இறங்கினா பல்லு கிடுகிடுன்னு ஆடும். லொம்போக் ஜலசந்தி வழியா பசிபிக் தண்ணி இந்தியப் பெருங்கடலுக்குள்ள பாயுற பாதை இது, நீரோட்டம் ரொம்ப பலம், புதுசா டைவிங் கத்துக்கிறவங்க அவசரப்படாதீங்க. அடிபட்டா ஊர்ல சின்ன கிளினிக்தான், டைவிங் சம்பந்தமான பெரிய பிரச்சனைன்னா அதுக்கான அழுத்த அறை பாலி தலைநகர் டென்பசார்ல பெரிய அரசு ஆஸ்பத்திரிலதான் இருக்கு, நடுவுல கடல். இன்சூரன்ஸ்ல டைவிங் கவர் ஆகுதான்னு பாத்துட்டு இறங்குங்க.

தெற்குப் பக்கம் டெவில்ஸ் டியர்னு ஒரு பாறை, அலை வந்து மோதி ஆவி மாதிரி சீறும், பாக்க அருமை, ஆனா ஓரத்துக்கு போகாதீங்க, அலை இழுத்துட்டுப் போன ஆளுங்க உண்டு. ஈரமா இருக்குற பாறைன்னாலே அலை அங்க வரைக்கும் வருதுன்னு அர்த்தம், எவ்வளவு சிம்பிள். செனிங்கானுக்கு போற மஞ்சள் பாலம் 2016 அக்டோபர்ல திருவிழா சமயத்துல கூட்டம் தாங்காம அறுந்து விழுந்து 8 பேர் செத்தாங்க, இப்ப இருக்குறது 2017ல கட்டுன புதுசு, ஸ்கூட்டர் போகும். லெம்போங்கான் கிராமத்துல ஒரு ஆளு 1961ல ஆரம்பிச்சு 1976 வரைக்கும் தனியா தோண்டுன பாதாள வீடு இருக்கு, குனிஞ்சே போகணும், முதுகு வலி இருக்கறவங்க மேலயே நின்னு டீ குடிங்க. வடகிழக்குல அலையாத்திக் காடு, குட்டிப் படகுல துடுப்பு போட்டு கூட்டிட்டுப் போறாங்க, காலைல சீக்கிரம் போனா நிம்மதி.

சாப்பாடு நல்லா இருக்கு. கடற்கரை பக்கம் இருக்குற கஃபே எல்லாம் வெள்ளக்காரங்களுக்கான மெனு, அவகாடோ டோஸ்ட் வகையறா, விலையும் அப்படித்தான். ரோட்டுல இருந்து ஒரு சந்து உள்ள போங்க, வாருங்னு போர்டு வச்ச வீட்டுக் கடை இருக்கும், நாசி சம்புர் கேளுங்க, சோறு, டெம்பேங்கிற சோயா கட்டி, காய், முட்டை, சம்பால்ங்கிற மிளகாய் சட்னி எல்லாம் ஒரே தட்டுல. சைவம் சாப்பிடறவங்க ஒண்ணு கவனிங்க, காய்கறின்னு சொல்லி குடுக்குற சம்பால்ல தெராசி இருக்கும், அது இறால் விழுது. "தன்பா தெராசி"ன்னு சொன்னா போடாம தர்றாங்க. நான் போன வாருங்ல இருந்த இபு, அதான் கடைக்கார அம்மா, நான் சைவம்னு சொன்னதும் எனக்காக புது உரல்ல மிளகாய் இடிச்சு தந்தாங்க, காரம் காது வரைக்கும் ஏறுச்சு, அதுக்கே கூட ஒரு ஸ்டார் போடலாம்.

குறைன்னா தண்ணிதான் முதல் குறை. சுண்ணாம்புப் பாறைத் தீவு, ஆறு கிடையாது, கிணத்துத் தண்ணி உப்பு கரிக்குது. நான் தங்குன இடத்துல ஷவர்ல குளிச்சா சோப்பு நுரையே வரல, முடி தேங்கா நார் மாதிரி ஆயிடுச்சு. குப்பை இன்னொண்ணு, காத்து திரும்புற நேரத்துல எங்கயோ எரிக்கிற புகை வாசனை வருது. ஏடிஎம் ஒண்ணு ரெண்டு இருக்கு, அதுவும் காசு தீந்து நிக்கிற நாள் உண்டு, சானூர்லயே எடுத்துட்டு வாங்க. சேவல் நாலு மணிக்கு ஆரம்பிச்சுடும், அதுக்கு நாய் பதில் சொல்லும். மார்ச் வாக்குல நியெபின்னு பாலி இந்துக்களோட மௌன தினம் வர்ற நாள்ல விமான நிலையத்துல இருந்து கடை வரைக்கும் எல்லாம் மூடிடும், ரூமை விட்டு வெளிய வரக் கூடாது, டிக்கெட் போடறதுக்கு முன்னாடி தேதி பாத்துக்கோங்க.

இப்ப காசு மேட்டர்.

ஒரு ஏஜென்ட் என்னை ஸ்கூட்டர்ல உக்கார வச்சு மூணு நாலு இடம் காட்டினாரு. மேட்டுல நின்னு கடலைப் பாத்தா யாருக்கும் ஆசை வரும், அது அவருக்கும் தெரியும், அதனால விலை பேசறது எப்பவும் அந்த மேட்டுலதான், அலுவலகத்துல இல்ல. "கடைசி ரெண்டு பிளாட் சார்"னாரு. ஊருக்கு திரும்பி மாசக்கணக்குல ஆச்சு, இன்னும் மெசேஜ் வருது, இன்னும் கடைசி ரெண்டு பிளாட்டேதான் இருக்கு.

அடிப்படையை புரிஞ்சுக்கோங்க. இந்தோனேசியால 1960ல வந்த நிலச் சட்டப்படி ஹக் மிலிக், அதாவது முழு சொந்தம், அந்த நாட்டு குடிமக்களுக்கு மட்டும்தான். நமக்கு பெரும்பாலும் கிடைக்கிறது குத்தகை. விளம்பரத்துல "வாங்குங்க"ன்னு போட்டிருந்தாலும் அது குத்தகைதான், 25 வருஷமோ 30 வருஷமோ. "உள்ளூர் ஆள் பேர்ல வாங்கிக்கலாம், பின்னாடி நம்ம கையில ஒரு அக்ரிமென்ட் இருக்கும்"னு யாராவது சொன்னா அங்கயே எழுந்துடுங்க, அந்த பினாமி ஏற்பாடு அதே சட்டத்தோட 26வது பிரிவுப்படி செல்லாது, நிலம் அரசாங்கத்துக்கு போயிடும், கட்டுன காசும் திரும்பாது. கோர்ட்டுக்கு போய் எனக்குத்தான் சொந்தம்னு சொல்லவே முடியாது, ஏன்னா சொல்றதே நாம சட்டத்தை ஏமாத்துனோம்னு ஒத்துக்கிறது.

நிலத்தை அங்க "ஆர்" கணக்குல பேசுறாங்க, ஒரு ஆர் 100 சதுர மீட்டர். குத்தகை விலை ஒரு ஆருக்கு ஒரு வருஷத்துக்கு இவ்வளவுன்னு சொல்லுவாங்க, கேக்க கம்மியா தெரியும், ஆனா மொத்த வருஷத்துக்கும் முன்னாடியே கட்டணும். சும்மா கணக்குக்கு, ஒரு ஆர் வருஷத்துக்கு 1 கோடி ரூப்பியான்னு வச்சுக்கோங்க, 4 ஆர், 25 வருஷம், மொத்தம் 100 கோடி ரூப்பியா, அவங்க பாஷையில 1 மில்யார். இதுக்கு மேல கட்டுற செலவு தனி, தீவுங்கறதால சிமெண்ட்ல இருந்து டைல்ஸ் வரைக்கும் படகுல வரணும், கரையில இறக்கி டிரக்ல ஏத்தணும், ஒவ்வொரு கை மாறும்போதும் கூலி. குத்தகைக்கு 10 சதவீத வரி ஒண்ணு இருக்கு, நிலத்துக்காரர் கட்ட வேண்டியது, ஆனா சத்தமே இல்லாம நம்ம தலையில கட்டிடுவாங்க, பேசும்போதே எழுதி வாங்குங்க.

எனக்கு ஒரு டிராஃப்ட் காட்டினாங்க. முதல் பக்கத்துல கொட்டை எழுத்துல "25 + 25 வருஷம்". உள்ள போய் நீட்டிப்பு பிரிவைப் படிச்சா, அப்போதைய சந்தை விலையில இரு தரப்பும் ஒத்துக்கிட்டா நீட்டிக்கலாம்னு இருக்கு. அப்படின்னா ரெண்டாவது 25 வருஷம்னு ஒண்ணு கிடையவே கிடையாது, 25 வருஷம் கழிச்சு அவரு பையனோட உக்காந்து புதுசா பேரம் பேசுற உரிமைதான் இருக்கு. நம்ம கட்டுன கட்டடம் அப்ப அவங்க நிலத்து மேல நிக்கும், பேரத்துல யாரு கை ஓங்கும்னு நான் சொல்ல வேண்டியதில்ல. இன்னொரு இடம் ஏற்கனவே ஒருத்தர் எடுத்த குத்தகையோட மிச்ச வருஷம், அதை புது வில்லா விலைக்கு விக்கிறாங்க. ஒவ்வொரு வருஷமும் மதிப்பு குறைஞ்சுட்டே வர்ற சொத்து இது, நம்ம ஊர் மனை கணக்குல யோசிச்சா தப்பாயிடும்.

வாடகைக்கு விடணும்னா அது இன்னொரு கதை. டூரிஸ்ட் விசால போய் உக்காந்து நாமளே கெஸ்ட்டை வரவேற்கறது, ரூம் நடத்தறதெல்லாம் கூடாது, புடிச்சா நாடு கடத்துவாங்க. முறையா பண்ணணும்னா பிடி பிஎம்ஏன்னு வெளிநாட்டு முதலீட்டு கம்பெனி ஆரம்பிக்கணும், அதுக்கு முதலீட்டுத் திட்டம் 1,000 கோடி ரூப்பியாவுக்கு மேல இருக்கணும். ஒரு ரெண்டு பெட்ரூம் வில்லாவுக்கு யாரு இதெல்லாம் பண்ணுவாங்க? அதனாலதான் எல்லாரும் குறுக்கு வழி சொல்றாங்க.

கட்டட அனுமதி பழைய ஐஎம்பி இல்ல, 2021ல இருந்து பிபிஜி. நிலம் எந்த மண்டலத்துல வருதுன்னு பாருங்க, பச்சை மண்டலம்னா கட்டவே முடியாது. கடலோரத்துல உச்ச அலைக் கோட்டுல இருந்து 100 மீட்டர் விட்டுத்தான் கட்டணும்ங்கிறது பொது விதி, அந்த ஏஜென்ட் காட்டுன "பீச் ஃப்ரண்ட்" இடத்தை நான் நடந்தே அளந்தேன், அம்பது அடிகூட எடுத்து வைக்கல, கால் நனைஞ்சுடுச்சு. கேட்டா "இங்க எல்லாருமே அப்படித்தான் சார் கட்டியிருக்காங்க"ங்கறாரு. 2025 ஜூலைல பாலி உலுவாட்டு பக்கம் பிங்கின் கடற்கரையில அரசாங்க நிலத்துல அனுமதி இல்லாம கட்டுனதையெல்லாம் வரிசையா இடிச்சாங்க, அங்கயும் எல்லாருமே அப்படித்தான் கட்டியிருந்தாங்க. பக்கத்து பெனிடாவுல கெலிங்கிங்ல 182 மீட்டர் கண்ணாடி லிஃப்ட் கட்ட ஆரம்பிச்சு, பாதிக்கு மேல வந்தப்புறம் அதே வருஷம் நவம்பர்ல பிரிக்க சொல்லி கவர்னர் உத்தரவு போட்டாரு. அவ்வளவு பெரிய திட்டத்துக்கே அந்த நிலைமைன்னா நம்ம நீச்சல் குளத்துக்கு என்ன மரியாதை?

காகிதத்துல வராத இன்னொண்ணு, ஊர் சபை. பஞ்சார், டேசா அடாட்னு கிராமத்துக்கே தனி கட்டுப்பாடு உண்டு, கோயில் பக்கத்துல எவ்வளவு தூரத்துல கட்டலாம், பாதையை யாரு பயன்படுத்தலாம், எல்லாம் அவங்க பேச்சுதான். எனக்கு காட்டுன ஒரு மனைக்கு போற வழி பக்கத்து வீட்டுக்காரரோட வாழைத்தோட்டம் வழியாத்தான். பத்திரத்துல அந்த வழியைப் பத்தி ஒரு வரி இல்ல. தோட்டத்துக்காரர்கிட்ட போய் "பாக் (ஐயா), இந்த வழியா வில்லாவுக்கு போகலாமா"ன்னு கேட்டேன், அவரு சிரிச்சுட்டு "நடந்து போங்க, சிமெண்ட் வண்டி போகக் கூடாது"ன்னாரு. அஞ்சு நிமிஷ பேச்சு, ஏஜென்ட்டோட பளபள பிரோஷர்ல இது இல்ல.

இவ்வளவுக்கு அப்புறமும் ஆசை இருந்தா, முதல்ல மழைக்காலத்துல, ஜனவரி பிப்ரவரில, கூட்டம் குறைஞ்சு கிடக்கறப்போ அங்க போய் உள்ளூர்க்காரர் வீட்டு ரூமை மாச வாடகைக்கு எடுத்து தங்கிப் பாருங்க. பக்கத்து வில்லாவுல எத்தனை விளக்கு எரியுதுன்னு ராத்திரி எண்ணுங்க, தண்ணி லாரில வருதா கிணத்துல இருந்தா, கழிவு எங்க போகுதுன்னு கேளுங்க. நோட்டாரிஸை, அதாவது பத்திரம் போடுற நோட்டரியை, ஏஜென்ட் கூட்டிட்டு வரக் கூடாது, நீங்களே டென்பசார்ல தேடுங்க, நிலப் பட்டா நிஜந்தானான்னு பிபிஎன் நில அலுவலகத்துல சரிபார்க்க சொல்லுங்க.

சுத்திப் பாக்க மட்டும் போறவங்களுக்கு இந்தத் தலைவலி எதுவும் வேண்டாம். ஏப்ரல்ல இருந்து அக்டோபர் வரைக்கும் வெயில் காலம், மே ஜூன் நல்ல சமயம், கடலும் அவ்வளவா ஆடாது. கடற்கரை ரிசார்ட்டை விட ரோட்டுக்கு உள்பக்கம் இருக்குற குடும்ப விடுதி விலை பாதி, காலைல பான்கேக்கோட பாலி காபியும் வாசல்லயே வந்துடும், அந்தக் காபித் தூள் அடியில தங்குற வரைக்கும் கலக்காதீங்க. திரும்பறப்போ கடைசி போட்டு சாயங்காலம் அஞ்சு மணி வாக்குலயே முடிஞ்சுடும், அலை ஜாஸ்தின்னா அதுவும் கேன்சல், அதனால அன்னிக்கே ஃப்ளைட் போடாம சானூர்ல ஒரு ராத்திரி தங்குற மாதிரி வச்சுக்கோங்க.